டர்போ வண்டியில் பெட்ரோல் பிரஷர்: ஐடிலில் மட்டும் அளந்தால் போதாது

கேள்வி: என்னுடையது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 150 குதிரைத்திறன். பழைய வண்டியாக வாங்கியது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தால், பூஸ்ட் கேஜ் 0.8 பாரை நெருங்கும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. காலைத் தளர்த்தினால் சரியாகிவிடுகிறது. டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இருந்தால் இது இன்னும் அதிகம். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் நெடுநேரம் சுற்றுகிறது. ஸ்கேனரில் பி0171 என்று வந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் ‘பிரஷர் 3 பார் இருக்கிறது, டர்போதான் போய்விட்டது’ என்றார்கள். இன்னொரு இடத்தில் ‘2.5 பார்தான் வருகிறது, ஃப்யூல் பம்ப் வீக்’ என்றார்கள். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ரெகுலேட்டரைப் போட்டு பிரஷரை ஏற்றிவிட்டால் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு மூன்றில் எதையும் செய்ய வேண்டாம். டர்போவும் பம்பும் விலை கூடிய பொருள்கள். அவற்றில் ஒன்று பழுது என்பதற்கு நீங்கள் எழுதியவற்றில் இன்னும் போதுமான சான்று இல்லை. வேறொரு விஷயம் அதைவிட அவசரம். காரணம் தெரியும்வரை பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்படி மிதிக்காதீர்கள். சாதாரணமாக ஓட்டுங்கள், முந்த வேண்டாம். வண்டி வெட்டுவது வெறும் தொந்தரவு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் காற்று நிறையவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்று சந்தேகிக்க எல்லாக் காரணமும் இருக்கிறது. டர்போ என்ஜினில் முழு லோடில் கலவை அப்படி மெலிந்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாகவே வெடிப்பது) வரும், சிலிண்டருக்குள் சூடு ஏறும், பிஸ்டனின் ஓரமோ ரிங் பகுதியோ உடையும். பம்ப் போனால் பம்ப் மாற்றலாம். பிஸ்டன் போனால் என்ஜினையே இறக்க வேண்டியிருக்கும்.

இனி அந்த 3 பார், 2.5 பார் விவகாரத்துக்கு வருகிறேன். இரண்டு ஒர்க்‌ஷாப்களும் சரியாகவே அளந்திருக்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் உட்கார்ந்திருக்கும் ரெயில் என்ற குழாய்க்கு ஒரு சப்ளை ஹோஸும் ஒரு ரிட்டர்ன் ஹோஸும் வருகின்றன. ரெயிலின் முனையில் உள்ள, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் தலையிலிருந்து மெல்லிய வேக்குவம் ஹோஸ் ஒன்று, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. இந்த அமைப்பில் ரெயிலின் அழுத்தம் ஒரே அளவில் நிற்காது. மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு மாறுகிறதோ, ரெயிலிலும் அவ்வளவு மாற வேண்டும். இந்த வகை வண்டிகளில் அடிப்படை அளவு பெரும்பாலும் 3 பார். வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் அந்த 3 பார் தெரியும். ஹோஸை மாட்டி ஐடிலில் விட்டால், மேனிஃபோல்டில் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 0.6 பார் குறைவாக இருப்பதால், ரெயிலும் 2.4, 2.5 என்று இறங்கி நிற்கும். ஆகவே 2.5 என்பது ஆரோக்கியமான வண்டியிலேயே வரக்கூடிய எண்தான். அதை மட்டும் வைத்து பம்பைக் குற்றம் சொல்ல முடியாது. அதே போல, ஐடிலில் 3 பார் வந்தது என்பதால் பூஸ்டிலும் போதுமானது வருகிறது என்றும் சொல்ல முடியாது.

அந்த இரண்டு இடங்களுக்கும் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அளக்கும்போது ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் மாட்டியிருந்ததா, கழற்றியிருந்ததா? 3 பார் என்று சொன்னவர் ‘கழற்றி அளந்தேன்’ என்றும், 2.5 என்று சொன்னவர் ‘மாட்டியே இருந்தது’ என்றும் சொன்னால், இருவரும் ஒரே வண்டியின் சரியான இரண்டு அளவுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஹோஸ் மாட்டியிருக்கும்போதே 3 பார் காட்டியது என்றால் அது முக்கியமான தடயம். வேக்குவம் ரெகுலேட்டரைச் சென்று சேரவில்லை என்று அர்த்தம். வேக்குவம் போய்ச் சேராத ஹோஸ் வழியாக பூஸ்டும் போய்ச் சேராது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டர்போ இல்லாத வண்டிகளிலேயே பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இன்ஜெக்டரின் ஒரு முனை ரெயிலில் இருக்கிறது, மறுமுனை மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. பெட்ரோலைத் தள்ளுவது இந்த இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம். மேனிஃபோல்டில் 0.8 பார் பூஸ்ட் இருந்தால் ரெயிலில் 3.8 பார் இருந்தாக வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் அதே 3 பாராக இருக்கும். ரெயில் 3.0 பாரிலேயே நின்றுவிட்டால் வித்தியாசம் 2.2 ஆகிவிடும். இன்ஜெக்டர் விடும் அளவு இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 14 சதவீதம் பெட்ரோல் குறையும். கம்ப்யூட்டர் 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கலவையை எதிர்பார்த்து இன்ஜெக்டரைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம், உண்மையில் கிடைப்பது 14க்கு 1. ரெயில் 2.6க்கு இறங்கினால் 15.5க்கு 1 ஆகிவிடும். கேஜில் 2.6 என்று பார்ப்பவர் ‘ஐடிலில் வருவதைவிடக் கூடத்தான் இருக்கிறது’ என்று நினைப்பார். அந்த நேரத்தில் என்ஜின் பெட்ரோலுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். பி0171 என்றால் கலவை மெலிந்திருக்கிறது, அதை ஈடுகட்ட கம்ப்யூட்டர் கூடுதலாக பெட்ரோல் விட்டும் போதவில்லை என்று பொருள். அது எந்த நிலையில் போதவில்லை என்பதை ட்ரிம் சொல்லும். ஷார்ட் ட்ரிம் (உடனடித் திருத்தம்), லாங் ட்ரிம் (நாளடைவில் கற்றுக்கொண்ட திருத்தம்) இரண்டையும் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள், முதலில் ஐடிலில், பிறகு சீரான வேகத்தில் 2500 ஆர்.பி.எம்.மில். ஐடிலில் அதிகமாக இருந்து ஆர்.பி.எம். ஏற ஏறக் குறைந்தால், மேனிஃபோல்டில் எங்கோ காற்று கசிந்து உள்ளே வருகிறது. ஐடிலில் பூஜ்யத்தை ஒட்டி இருந்து, ஓட்டும்போது 15, 20 சதவீதம் என்று ஏறினால் பெட்ரோல் சப்ளையைச் சந்தேகிக்கலாம். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கேறிக் குறைவாகச் சொன்னாலும் இதே தோற்றம்தான் வரும். அதனால் இந்த எண் தீர்ப்பு ஆகாது, எந்தப் பக்கம் தேடுவது என்று காட்டும், அவ்வளவுதான். உங்கள் வண்டி இரண்டாவது வகையாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் கேஜ். இதை நீங்களே செய்வதாக இருந்தால் அடுத்த சில வரிகளைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். ஃப்யூல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டு, அது தானாக அணைந்த பிறகே லைனைக் கழற்றுங்கள். அப்போதும் கொஞ்சம் பெட்ரோல் வெளியே வரும், துணியைச் சுற்றிப் பிடியுங்கள். கண்ணாடி அணியுங்கள். பெட்ரோலுக்கு ஏற்ற தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடி பல்ப் உள்ள விளக்கை அருகில் வைக்காதீர்கள், உடைந்தால் போதும், பற்றிவிடும். கேஜை மாட்டியபின் முதலில் சாவியை மட்டும் ஆன் செய்து, எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஐடிலில் ஹோஸ் மாட்டியபடி ஓர் அளவு எடுங்கள். ஹோஸை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு இன்னோர் அளவு. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய அரை பார் வித்தியாசம் வர வேண்டும். கழற்றும்போது ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் உள்ளே இருக்கும் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, மேலே தேட வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள். இப்போது அழுத்தம் கொடுக்கும் கைப்பம்ப் ஒன்றை ரெகுலேட்டரின் தலையில் மாட்டி மெதுவாக 0.5 பார் ஏற்றுங்கள். ரெயிலும் அதே 0.5 ஏற வேண்டும். 0.8 கொடுத்தால் 0.8 ஏற வேண்டும். இந்தச் சிறு சோதனையை ஏன் இவ்வளவு பேர் செய்யாமல் விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ரெகுலேட்டர் பூஸ்டுக்குப் பதில் சொல்கிறதா என்பது வண்டி நின்ற இடத்திலேயே தெரிந்துவிடுகிறதே!

கைப்பம்பில் சரியாக ஏறுகிறது, ஆனால் ஓட்டும்போது ஏறவில்லை என்றால் குற்றவாளி அந்த மெல்லிய ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் வேக்குவத்தில் இறுகி ஒட்டிக்கொண்டு நன்றாக இருப்பதுபோல் நடிக்கும், பூஸ்டில் விரிசல் திறந்து காற்றை வெளியே விடும். பழைய வண்டி வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. முந்தைய உரிமையாளர் பூஸ்ட் கேஜ் மாட்டியபோது இந்த ஹோஸை வெட்டி டி-பிட்டிங் (மூன்று வழி இணைப்பு) போட்டிருக்கலாம். அந்த இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது ஒருவழி வால்வு உள்ள வேறொரு லைனில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். ஒருவழி வால்வு வேக்குவத்தை விடும், பூஸ்டைத் தடுத்துவிடும். ஐடிலில் எல்லாம் சரியாகத் தெரியும். உங்கள் வண்டியின் பூஸ்ட் கேஜ் பின்னால் மாட்டியதாக இருந்தால், முதலில் அந்த ஹோஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். த்ராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டிலிருந்து, நடுவில் எந்த வால்வும் இல்லாமல் நேராக ரெகுலேட்டருக்கு வர வேண்டும்.

நின்ற இடத்தில் எல்லாம் சரியாக இருந்தால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். இதற்கு ரெயிலில் மாட்டும் எலக்ட்ரானிக் பிரஷர் சென்சார் சிறந்தது. வயர் மட்டும் உள்ளே வரும், பெட்ரோல் வராது. அது இல்லாவிட்டால் நீள ஹோஸ் உள்ள கேஜை முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுவார்கள். பெட்ரோல் உள்ள ஹோஸைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும், பக்கத்தில் ஒருவர் கேஜையும் பூஸ்டையும் சேர்த்துப் பார்க்கட்டும், ஆளில்லாத சாலையாக இருக்கட்டும். மூன்றாவது கியரில் மெதுவாக மிதித்து, 0.2, 0.4, 0.6 என்று பூஸ்ட் ஏறும்போது ரெயில் 3.2, 3.4, 3.6 என்று கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். பின்தங்கத் தொடங்கிய கணமே காலை எடுத்துவிடுங்கள். முழுதாக மிதித்து வெட்டவைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. எந்த இடத்தில் பின்தங்குகிறது என்பதே போதும்.

இங்கே விடை இரண்டாகப் பிரியும். பூஸ்ட் ஏற ஏற ரெயில் 3.0லேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ஹோஸ் அல்லது ரெகுலேட்டர். கூடவே 3.4, 3.5 வரை ஏறி, ஆர்.பி.எம். கூடும்போது சரியத் தொடங்கினால் சப்ளை போதவில்லை. ‘பிரஷர் குறைவு’ என்ற ஒரே பெயருக்குள் இருக்கும் இந்த இரண்டும் வெவ்வேறு பழுதுகள். கால்வாசி டேங்கில் அதிகமாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து, உங்களுடையது இரண்டாவது வகை என்று ஊகிக்கிறேன்.

சப்ளை போதவில்லை என்று தெரிந்தாலும் உடனே பம்பை வாங்கப் போக வேண்டாம். பம்ப் என்பது டேங்குக்குள் இருக்கும் ஒரு மோட்டார். அதற்கு வரும் கரண்ட் சரியாக இல்லாவிட்டால் புதுப் பம்பும் இதையேதான் செய்யும். என்ஜின் ஓடும்போது, ஹெட்லைட், புளோயர் எல்லாம் ஆன் செய்து, பம்பின் கனெக்டரில் மீட்டர் வையுங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருந்தால் பம்பிலும் ஏறக்குறைய 13.5 இருக்க வேண்டும். 12க்குக் கீழே இருந்தால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. பேட்டரி பிளஸிலிருந்து பம்ப் பிளஸுக்கு ஒரு முறை, பேட்டரி மைனஸிலிருந்து பம்ப் மைனஸுக்கு ஒரு முறை வோல்டேஜ் டிராப் (வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று) பாருங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ரிலேயின் பாயின்ட் கருகியிருப்பது, கனெக்டர் பின் சூடாகி நிறம் மாறியிருப்பது, பாடியில் எர்த் போல்ட் துருப்பிடித்திருப்பது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். வண்டி அணைந்திருக்கும்போது மீட்டரை வைத்து ‘கன்டினியூட்டி இருக்கிறது’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் வயரும் கன்டினியூட்டி காட்டும். லோடில்தான் அதன் குறை தெரியும்.

சில டர்போ வண்டிகளில் பம்ப் இரண்டு வேகத்தில் ஓடும். சாதாரண ஓட்டத்தில் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்டேஜில் ஓடும். பூஸ்ட் ஏறும்போது இன்னொரு ரிலே விழுந்து முழு வோல்டேஜ் கொடுக்கும். அந்த இரண்டாவது ரிலே வேலை செய்யாவிட்டால் ஐடிலில் அளவெல்லாம் கச்சிதமாக இருக்கும், மிதிக்கும்போது மட்டும் பெட்ரோல் போதாது. உங்கள் வண்டியின் வயரிங் படத்தில் பம்புக்கு இரண்டு ரிலேயோ ரெசிஸ்டரோ தனி கன்ட்ரோலரோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகையில் ஐடிலில் 13.5 வோல்ட் எதிர்பார்க்கக் கூடாது, மிதிக்கும்போது அளக்க வேண்டும். கன்ட்ரோலர் வேகமாக ஆன் ஆஃப் செய்து வேகத்தைக் குறைக்கும் வகையாக இருந்தால் சாதாரண மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதற்கு மின் அலையைப் படமாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

கரண்ட் சரி என்றால் அடுத்தது பெட்ரோல் ஓட்டம். அழுத்தத்தைப் பார்ப்பவர்கள் பலர், ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. தரைத்தொட்டியிலிருந்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போலத்தான் இதுவும்: ஏற்ற வேண்டிய உயரம் கூடக் கூட வரும் அளவு குறையும். 3 பாரில் தாராளமாகத் தரும் பம்ப் 3.8 பாரில் திணறலாம். அதனால் பூஸ்ட் நேரத்து அழுத்தத்திலேயே ஓட்டத்தை அளக்க வேண்டும். வண்டியை ஓட்டாமலே அதைச் செய்யலாம். என்ஜினை அணைத்துவிட்டு, ரெகுலேட்டரின் தலையில் கைப்பம்பால் 0.8 பார் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி அளவுக்கோடு போட்ட, பெட்ரோல் தாங்கும் கேனில் விடுங்கள். பம்பை ரிலே வழியாக 30 விநாடி ஓடவிடுங்கள். என்ஜின் குடிக்காததால் பம்ப் தருவது முழுவதும் கேனுக்கு வந்துவிடும்.

எவ்வளவு வர வேண்டும்? டர்போ பெட்ரோல் என்ஜின் முழு லோடில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பானது. உங்கள் 150 குதிரைத்திறனுக்கு அது 41 கிலோவை ஒட்டி வரும், லிட்டரில் 55. அதாவது 30 விநாடிக்கு 0.46 லிட்டர். இது என்ஜினுக்குக் கட்டாயம் தேவையான அளவு மட்டும். இதற்கு மேல் கால் பங்காவது கூடுதல் வேண்டும், எனவே 0.6 லிட்டருக்குக் குறையாமல் வந்தால் மனம் நிம்மதியாக இருக்கலாம். என்ஜின் ஓடாதபோது பேட்டரி வோல்டேஜ் குறைவாக இருக்கும் என்பதால் வண்டி ஓடும்போது கிடைப்பதைவிட இந்த அளவு சற்றுக் குறைவாகவே வரும், அதையும் கணக்கில் எடுங்கள். கம்பெனி கையேட்டில் தனி அளவு கொடுத்திருந்தால் அதுதான் கடைசிச் சொல்.

ஓட்டம் குறைவு என்றால் வரிசையாகப் பாருங்கள். முதலில் லைன் ஃபில்டர். எப்போது மாற்றியது என்று தெரியாத பழைய வண்டியில் அதைச் சோதிப்பதைவிட மாற்றிவிடுவதே மேல். பிறகு டேங்கைத் திறக்க வேண்டும், இங்கேதான் உங்கள் கால்வாசிக் கதை வருகிறது. பம்ப் பெட்ரோலை வெளியே தள்ளும் வாயிலிருந்து, டேங்கின் மேல் பம்பைப் பொருத்தியிருக்கும் மூடி வரை ஒரு குட்டி ஹோஸ் உள்ளே போகும். அதில் விரிசல் விட்டால் பம்ப் தள்ளுவதில் ஒரு பகுதி டேங்குக்குள்ளேயே கொட்டிவிடும். வெளியே ஒரு சொட்டும் கசியாது. பம்ப் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கும். ஐடிலில் தேவை குறைவு என்பதால் அழுத்தமும் நிற்கும். முழு லோடில் மட்டும் போதாது. இந்த ஹோஸை மாற்றும்போது கடையில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போடாதீர்கள். அது உள்பக்கம் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் எந்நேரமும் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். மூழ்கும் இடத்துக்கான எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 தரக் குறி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கால்வாசிக்குக் கீழே அதிகமாவதற்கு இரண்டு காரணங்கள் பொருந்தும். பம்பின் அடியில் இருக்கும் வலை அழுக்கால் அடைபட்டிருக்கலாம். பம்ப் உட்கார்ந்திருக்கும் குட்டித் தொட்டியை நிரப்பிவைக்கும் ஜெட் அடைபட்டிருக்கலாம். அந்தத் தொட்டி நிரம்பாவிட்டால், டேங்கில் பெட்ரோல் இருந்தும், வண்டி வேகமெடுக்கும்போது பெட்ரோல் பின்னால் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். அந்த நேரத்தில் பின்சீட்டுக்கு அடியிலிருந்து பம்பின் சத்தம் மாறிக் கேட்கிறதா என்று கவனியுங்கள். பம்ப் எடுக்கும் ஆம்பியரும் கொஞ்சம் துப்புத் தரும்: பம்புக்குப் பிறகு அடைப்பு என்றால் ஆம்பியர் கூடும், பம்புக்கு முன்னால் அடைப்பு அல்லது காற்று என்றால் குறையும். இவை எல்லாம் சரியாக இருந்து, கரண்டும் சரியாக இருந்து, அப்போதும் ஓட்டம் வரவில்லை என்றால் பம்ப் தேய்ந்துவிட்டது. அப்போது தயங்காமல் மாற்றுங்கள். அந்த வேலையோடு வலை, உள் ஹோஸ், கிளிப் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், டேங்கை இன்னொரு முறை திறப்பது வீண் வேலை.

காலையில் செல்ஃப் நெடுநேரம் சுற்றுவது இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். கேஜ் மாட்டியிருக்கும்போதே என்ஜினை அணைத்துவிட்டு அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். மளமளவென்று விழுந்தால், மறுபடி ஏற்றி, அணைத்தவுடன் சப்ளை ரப்பர் ஹோஸை ஹோஸ் கிளாம்பால் அழுத்திப் பிடியுங்கள். அப்போது நின்றால் பம்பின் உள் வால்வோ டேங்குக்குள் இருக்கும் அந்த ஹோஸோதான் காரணம். ரிட்டர்னைப் பிடித்தால் நிற்கிறது என்றால் ரெகுலேட்டர். இரண்டையும் பிடித்தும் விழுந்தால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பிளாஸ்டிக் லைனில் கிளாம்ப் போடாதீர்கள், நசுங்கி உடைந்துவிடும். என்ஜின் ஓடும்போது ரிட்டர்னை முழுதாக அடைத்து வைக்கவும் கூடாது. அப்படி அடைத்தால் அழுத்தம் நொடியில் எகிறி பலவீனமான இணைப்பைக் கழற்றிவிடும்.

நண்பர் சொன்ன அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் பற்றி: வேண்டவே வேண்டாம். இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று கம்ப்யூட்டர் போடும் கணக்கு 3 பார் அடிப்படையில் இருக்கிறது. அடிப்படையை 3.5 ஆக்கினால் ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் பெட்ரோல் கூடும், கம்ப்யூட்டர் ட்ரிம்மைக் குறைத்து அதைச் சமாளிக்கும், பி0171 அணைந்தும் போகலாம். வண்டி சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் பூஸ்டில் திணறும் பம்ப்மீது இன்னும் அரை பார் சுமையை ஏற்றியிருப்பீர்கள். முழு லோடில் வரும் அளவு கூடப்போவதில்லை, முன்பைவிடக் குறையவும் கூடும். ஆபத்து அப்படியே இருக்க, எச்சரிக்கை விளக்கு மட்டும் போய்விடும். எனக்கு இதில் மிகுந்த கவலை உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

0.8 பார் என்பது உங்கள் வண்டியின் கம்பெனி பூஸ்ட்தானா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய உரிமையாளர் டியூனிங் செய்து பூஸ்டை ஏற்றியிருந்தால், 150 குதிரைத்திறனுக்காக வைத்த பம்ப் நல்ல நிலையில் இருந்தும் போதாமல் போகலாம். அப்போது பழுது எதுவுமே கிடைக்காது, பூஸ்டைப் பழைய அளவுக்கு இறக்குவதா, பம்பைப் பெரிதாக்குவதா என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் இறக்குங்கள் என்பேன்.

டர்போ போய்விட்டது என்று முதல் ஒர்க்‌ஷாப் சொன்னதை ஏன் ஏற்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். உங்கள் கேஜில் 0.8 பார் வருகிறது. டர்போ தேய்ந்திருந்தால் பூஸ்ட் வராது, அல்லது நீலப்புகை, ஆயில் குறைவு, விசில் சத்தம் என்று வேறு அடையாளங்கள் இருக்கும். ஆனால் ஒன்றைச் சந்தேகிக்கலாம்: ஸ்பார்க் பிளக்கும், அதற்கு மின்சாரம் தரும் காயிலும். பூஸ்டில் சிலிண்டர் அழுத்தம் கூடும்போது பொறி பாய்வது கடினமாகிறது. பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் சரியாக அந்த இடத்தில்தான் மிஸ்ஃபயர் (கலவை எரியாமல் தவறுவது) ஆகும். எரியாத கலவையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை ஆக்ஸிஜன் சென்சார் ‘மெலிந்த கலவை’ என்றே படிக்கும். ஓட்டிப் பார்க்கும்போது ரெயில் பூஸ்டுடன் ஒழுங்காக 3.8 வரை ஏறிவிட்டால் பெட்ரோல் சப்ளையை விட்டுவிட்டு பிளக், காயில், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், இன்ஜெக்டர் அடைப்பு என்று போக வேண்டியதுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களில், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. அங்கே டேங்க் பம்ப் தரும் சில பார் அழுத்தத்தை, கேம்ஷாஃப்ட் ஓட்டும் இன்னொரு பம்ப் ஐடிலில் 40, 50 பாராகவும், லோடில் 150, 200க்கும், புது வண்டிகளில் 350 வரைக்கும் ஏற்றுகிறது. அந்த ஹை பிரஷர் லைனை ஓடும்போது தளர்த்தவே கூடாது, பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே கேஜுக்குப் பதிலாக ஸ்கேனரில் கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும். பி0087 (ரெயிலில் அழுத்தம் மிகக் குறைவு என்ற குறியீடு) வந்தால், முதலில் லோ பிரஷர் பக்கம் விழுகிறதா என்று பாருங்கள். அது உறுதியாக நிற்கும்போதே ஹை பிரஷர் சரிந்தால் மட்டும் கேம் ஓட்டும் பம்ப், கேமுக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ஃபாலோவர், கன்ட்ரோல் வால்வு என்று போகலாம். வேக்குவம் ஹோஸே இல்லாத, ரிட்டர்ன் இல்லாத, மேனிஃபோல்டுக்குள் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ரெயில் அழுத்தம் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்க வேண்டும், பூஸ்டுடன் ஏறவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

உங்களுக்கு: முதலில் அந்த இரண்டு போன் அழைப்புகள். அடுத்து ட்ரிம் எண்கள், ஹோஸ் மாட்டிய அளவு, கழற்றிய அளவு, பம்பில் வோல்டேஜ். இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள், அடுத்து டேங்கைத் திறப்பதா வேண்டாமா என்று சொல்கிறேன். எந்தப் பொருளை மாற்றினாலும், வேலை முடிந்தபின் அதே சாலையில், அதே மூன்றாவது கியரில், கேஜ் மாட்டியபடி ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லி, 0.8 பூஸ்டில் 3.8 பார் வந்த பிறகே வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.